ஜிம்முக்குப் போக நேரமில்லை. பைக்கை விட்டுவிட்டு மெட்ரோவில் வேலைக்குப் போனால் உடற்பயிற்சிக்கு ஈடாகுமா? (சென்னை)

ஈடாகும், ஸ்டேஷன் வரை நடந்தே போனால்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவு வேகத்தில் நடந்தால் அது மிதமான உழைப்பு. மணிக்கு 5 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் 800 மீட்டர் என்றால் 10 நிமிடம். இறங்கி அலுவலகம் 400 மீட்டர் என்றால் 5 நிமிடம். போக வர 30 நிமிடம், ஐந்து நாளில் 150. துண்டு துண்டாக நடப்பதும் கணக்கில் சேரும். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷன் வரை பைக்கில் போய் பார்க்கிங்கில் விட்டால் வாரத்தில் 100 நிமிடம் அப்படியே போய்விடும். தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள் தனியாக வேண்டும். நடை அதற்கு ஈடாகாது.

வேலையோடு சேர்ந்த அசைவு உடம்புக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1953-இல் லண்டன் மாடி பஸ்களை வைத்து மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் காட்டினார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகம். ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவே பெரிதாக இருந்தது என்பதையும் பின்னர் அவரே எழுதினார். ஓட்டுநர்கள் முதலிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாம். ஆகவே வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது அந்த ஆய்வுதான்.

பலர் சில வாரத்திலேயே பைக்குக்குத் திரும்புவதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. தெருதான் விரட்டுகிறது. ஒரு இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு உங்கள் வழியை அளந்து பாருங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 நெறிமுறைப்படி, தடையில்லாத நடைபாதை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், சாலையிலிருந்து உயரம் அதிகபட்சம் 15 செ.மீ., தலைக்கு மேல் 2.2 மீட்டர் இடைவெளி. அகலத்தைச் சுவரிலிருந்து ஓரக்கல் வரை அளக்காதீர்கள். மின்வாரியப் பெட்டி, மரம், கடைப்பலகை போக மிஞ்சுவதை மட்டும் அளங்கள். 2.5 மீட்டர் நடைபாதையின் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றால், அந்த இடத்தில் நடைபாதையே இல்லை என்று அர்த்தம்.

உயரம்தான் நம் ஊரில் அதிகம் கெட்டுப்போகும் இடம். பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. வடிகாலின் மட்டம் நீரோட்டத்துக்காகத் தீர்மானிக்கப்படுவதால், நடப்பவரின் கால் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏற அதை வெட்டிச் சரிக்கிறார்கள். பத்து வீட்டுக்குப் பத்து முறை ஏறி இறங்கும் நடைபாதையை முழங்கால் வலிக்காரர் விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் நடப்பார். சரியான முறை, நடைபாதை அதே மட்டத்தில் ஓடவேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். நடைபாதை முடியும் இடத்தில் 12-க்கு 1 சரிவு: 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம்.

சாலையைக் கடப்பதும் பெரிய சிக்கல். நடைமேம்பாலம் என்றால் ஏறத்தாழ 40 படி ஏறி, 40 படி இறங்க வேண்டும். வயதானவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் அவ்வளவு படி ஏறவும் முடியாது, சாலை நடுவிலுள்ள தடுப்புச் சுவரேறிக் குதிக்கவும் முடியாது, ஆட்டோ பிடிப்பார்கள். சிக்னலோடு தரைமட்டக் கடவு இருந்தால் அதே ஆட்கள் நடப்பார்கள். பெரிய குடியிருப்புகளில் ஒரே கேட் வைப்பதும் இப்படித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் 200 மீட்டரில் இருக்கும் பஸ் நிறுத்தம், சுற்றிப்போனால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். சங்கக் கூட்டத்தில் ஆள் மட்டும் போகிற சிறு கேட் ஒன்று கேளுங்கள். செலவு குறைவு, பலன் தினமும்.

சென்னை மாநகராட்சிக்கு 2014 முதல் நடப்போருக்கும் சைக்கிளுக்குமான கொள்கையே இருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த அகல நடைபாதையையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவுக்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லும்போது "நடைபாதை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் நகராது. கதவு எண், மீதமுள்ள அகலம், ஓரக்கல் உயரம், டேப் தெரியும் படம், இந்த நான்கையும் கொடுங்கள். தார் மறுபடி போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு முன்பே பேசுங்கள். போட்டு முடித்த பின் ஒரு சரிவை மாற்ற இன்னொரு ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.