சத்தம் போடாத பாட்டியைத்தான் முதலில் பார்

தங்கச்சி, ஓஸ்கி (வெளிநாட்டு நர்ஸுகளுக்கான செய்முறைத் தேர்வு) பாஸாகி இங்கிலாந்தில் எலும்பு முறிவு வார்டில் சேரப்போகிறேன், எல்லாரும் 80 வயசு தாண்டி இடுப்பு ஒடிந்தவர்கள், எதற்குத் தயாராக வரணும் என்று கேட்டிருந்தாய். வாடகை, சம்பளம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பவுண்டை ரூபாயாகப் பெருக்கியே பாதி ஆயுசைக் கழித்தவர்கள் அவர்கள். நான் வார்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பிபி 110 என்றால் நார்மல் என்று எழுதிவிட்டு நகராதே. வழக்கமாக 150 இருக்கிற ஆளுக்கு 110 என்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படணும். இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பும் ஏறாது, ஏமாந்துபோவாய். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்ஸாபன் எடுப்பவர் விழுந்து தலையில் லேசாக இடித்திருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடு. இடுப்பு முறிவுக்கு 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்பது இங்கே இலக்கு. மறுநாளே எழுப்பி உட்காரவைக்கணும். பாவம், படுத்திருக்கட்டும் என்று விட்டால் நெஞ்சில் சளி கட்டும், குதிகாலில் புண் வரும்.

கத்துகிற, ட்ரிப்ஸைப் பிடுங்குகிற பாட்டியை எல்லாரும் கவனிப்பார்கள். தூங்கிக்கொண்டே இருப்பவரை நல்ல பேஷண்ட் என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியமாக, அதாவது உடம்பு சரியில்லாததால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். வைத்த டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தால் போய் எழுப்பிப் பேசு. கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்.

அப்புறம், வந்த புதிதில் வாயைத் திறக்காதே, கேள்வி கேட்காதே என்று நம் ஆட்களே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதே. 2016-ல் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இன்று இந்த வட இங்கிலாந்து யார்க்ஷயர் பேச்சில் எனக்குப் புரியாதது கிடையாது, ஆனால் அந்த முதல் மாதம் ஒரு நைட் ஷிஃப்டில், 87 வயசு அம்மா ஒருவர் "ஸ்பெண்ட் எ பென்னி" என்று இரண்டு தடவை சொன்னார். காசு கேட்கிறார் என்று நினைத்து லாக்கரிலிருந்து பர்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். என்னையே பார்த்தார். சீனியரிடம் கேட்கக் கூச்சம், பேசாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பாத்ரூம் போகணும் என்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்களாம். கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கப் பார்த்து விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்த நைட்டியோடு தரையில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி, லவ்" என்று அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.