பி.காம். படிக்கும் மகள் சமூகப் பணிக்குப் போகலாமா? பாம்பன் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா,

மகள் இறுதியாண்டு பி.காம்., வங்கித் தேர்வு எழுதச் சொன்னால் ஊருக்குப் பயன்படுகிற வேலைதான் வேண்டும் என்கிறார், அதில் வயிறு நிறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையும். ஆனால் நல்ல மனசுக்கென்று தனியாகச் சம்பளம் கிடையாது. கையில் இருக்கும் தொழிலுக்குத்தான். உங்கள் மகளின் தொழில் கணக்கு. அதை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம்.

முதலில் இந்தத் துறைக்குப் பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். சராசரி லாபம் 10 கோடி என்றால் சிஎஸ்ஆர் தொகை 20 லட்சம். அதில் நிர்வாகச் செலவாகக் காட்ட முடிவது 5 சதவீதம், அதாவது 1 லட்சம். அந்தப் பணத்தில் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் தர முடியாது. அதனால் சின்ன நிறுவனங்களில் மனிதவளத் துறை ஆள் தலையிலேயே இந்தப் பொறுப்பையும் கட்டிவிடுவார்கள். ‘சிஎஸ்ஆர் மேலாளர்’ வேலைக்குக் காத்திருந்து பலர் ஆண்டுகளை வீணாக்குவது இதனால்தான். களத்தில் திட்டத்தை நடத்தும் அறக்கட்டளை ஊழியரின் சம்பளமோ திட்டச் செலவில் சேரும். அதற்கு இந்த 5 சதவீத வரம்பு இல்லை. வேலை அங்கேதான் இருக்கிறது. 2018இலிருந்து ராமநாதபுரம் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று என்பதால், நிறுவனங்கள் இந்தக் கரையைத் தேடி வரவும் காரணம் இருக்கிறது.

அறக்கட்டளைகள் பெரும்பாலும் தடுமாறுவது கணக்கில். நிறுவனப் பணம் வாங்க கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு, வருமான வரித் துறையில் பழக்கத்தில் 12ஏ, 80ஜி எனப்படும் பதிவுகள், ஆண்டுத் தணிக்கை அறிக்கை, நன்கொடை விவரத்துக்கு மே 31க்குள் தனிப் படிவம், ஒவ்வொரு தவணைக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ். ஒரு தவணைக்கு ரசீது சரியில்லை என்றால் அடுத்த தவணை நிற்கும். களப்பணியாளர் சம்பளமும் கூடவே நிற்கும். டேலி கணக்கு மென்பொருளோடு இவற்றையும் கற்ற பி.காம். பட்டதாரியை எளிதில் விடமாட்டார்கள்.

கணக்கோடு கடலும் தெரிந்தவர் இன்னும் அரிது. கடற்பாசி வளர்ப்புத் திட்டத்தையே பாருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, சுமார் 60 கிலோ விதைப் பாசி, 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் அறுவடை. அதில் 60 கிலோவை மறுவிதைக்கு எடுத்துவைக்க வேண்டும். மிச்சம் காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஈரப் பாசியின் எடையைக் காய்ந்த பாசியின் விலையால் பெருக்கி வருமானம் எழுதினால், திட்ட அறிக்கை பத்து மடங்கு பொய் சொல்லும். கடன் வாங்கிய பெண்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மாதமும் முக்கியம். வாடைக் காலத்தில் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், மிதவை நிற்காது. கோடையில் தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்து அழுகும். நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்ட வேண்டும் என்று ஐப்பசியில் மிதவை வாங்கிக் கொடுத்தால், அறிக்கையில் மிதவை எண்ணிக்கை இருக்கும், கரையில் பாசி இருக்காது. இது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நகரத்து அலுவலகத்தில் தெரியாது. இன்னொன்றையும் மகள் படித்துவைக்கட்டும்: இப்படி மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. பெண்களின் வருமானம், பவளம் இரண்டையும் ஒரே தாளில் எழுதத் தெரிவதுதான் பொறுப்பான தொழில் என்பதன் பொருள்.

இன்னொரு வழி, தொழில் நிறுவனத்துக்குள்ளேயே. பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, தொழிலாளர், தண்ணீர், கழிவு பற்றி ஆண்டுதோறும் பொறுப்பறிக்கை தர வேண்டும். கடலுணவு ஏற்றுமதியிலும் இந்த அழுத்தம் உண்டு. சிக்கும் ஆமை தப்பிக்க உதவும் ஆமை விலக்கி இழுவலையில் இல்லை என்பதற்காக, கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்குவதை 2019இல் அமெரிக்கா நிறுத்தியது. சரக்கு எந்தப் படகில், எந்த வலையில் வந்தது என்று பதிவேடு வைக்க ஆள் வேண்டும்.

மேற்படிப்புக்கு அவசரம் வேண்டாம். ஓராண்டு வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) அல்லது ஊரக வளர்ச்சி படிப்பது நல்லது. எதற்காகப் படிக்கிறோம் என்பது அப்போது தெரிந்திருக்கும். காந்திகிராம ஊரகப் பல்கலைக்கழகம் திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்துக்கு கியூட் முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். எங்கே சேர்ந்தாலும் வாரத்துக்கு எத்தனை நாள் களப்பணி என்று கேளுங்கள்.

நேர்முகத்தில் மகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இந்தத் திட்டத்துக்கு எத்தனை மாதப் பணம் கையில் இருக்கிறது? மார்ச் 31க்குப் பிறகு என் பதவி என்ன? பி.எஃப். உண்டா? களத்துக்குப் போகும் பயணப்படி சம்பளத்துக்குள்ளா, வெளியிலா? சிஎஸ்ஆரில் பல ஆண்டுத் திட்டம்கூடத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான். ஆகவே நியமனக் கடிதத்தில் திட்டம் முடியும் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.