பாத் பாம் வாங்கியாச்சு, இனி என்ன செய்வது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சில வருடங்களாக வீட்டிலேயே சோப்பும், குளிக்கும் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் உருண்டையான பாத் பாமும் செய்து வருகிறேன். அதனால் வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று பொங்குகிறதே, உள்ளே என்ன கெமிக்கல்? பயமாக இருக்கிறது.

பொங்குவதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். உள்ளே பெரும்பகுதி பேக்கிங் சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான். காய்ந்திருக்கும்வரை இரண்டும் சும்மா கிடக்கும், ஈரம் பட்டதும் வினை தொடங்கி கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வெளியே வரும். ஈனோவைத் தம்ளரில் கொட்டினால் நடப்பதும் இதுதான். இதைக் குளியலுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் மோ கான்ஸ்டன்டைன். 1989இல் அல்கா-செல்ட்சர் மாத்திரை நுரைப்பதைப் பார்த்து யோசனை வந்து, தன் தோட்டத்துக் கொட்டகையில் செய்து பார்த்தார். பிறகு லஷ் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் கவனிக்க வேண்டியது நுரையை அல்ல, அதோடு கலந்திருக்கும் வாசனையையும் சாயத்தையும்.

எனக்கு சென்ட் வாசனையே ஒத்துக்கொள்ளாது. போடலாமா?

பெட்டியின் பின்பக்கம் படியுங்கள். லிமோனீன், லினலூல் என்று இருந்தால் அவை வாசனைப் பொருட்கள், சிலருக்கு அரிப்பு தரும். எசென்ஷியல் ஆயில் இயற்கையானதுதானே என்று நம்பிவிடாதீர்கள், அதிலும் இவையே இருக்கின்றன. ஒரு சின்னத் துண்டை உடைத்து ஒரு மக் தண்ணீரில் கரைத்து, முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். எக்ஸிமா, திறந்த புண், புதிதாக ஷேவ் செய்த கால், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை: வாசனையும் சாயமும் கலந்த தண்ணீரில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பிறப்புறுப்பில் எரிச்சல் வரலாம், ஏற்கெனவே தொற்று வந்து அவதிப்பட்டவர்கள் தவிர்ப்பதே நல்லது. சிறு பெண் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். கலர் பார்க்க அவர்களுக்கு ஆசையாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டுங்கள், அதுவே போதும்.

சாயம் தொட்டியில் ஒட்டிக்கொள்ளுமா?

தரமானதில் பாலிசார்பேட் 80 மாதிரி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், எண்ணெயும் நிறமும் தண்ணீரோடு கலந்து போய்விடும். அது இல்லையென்றால் தொட்டி ஓரத்தில் கலர் வளையம் விழும். தண்ணீரைத் திறந்துவிட்ட கையோடு கழுவிவிடுங்கள், காயவிட்டால் தேய்த்து மாளாது. வெள்ளைத் துண்டை அன்றைக்கு எடுக்காதீர்கள். மினுமினுப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் வாங்கவே வேண்டாம், அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. அதற்குப் பதில் மைக்கா என்னும் மினுக்கும் கனிமத் தூள் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் பாத் டப் இல்லையே அக்கா, பக்கெட்டில் போடலாமா?

போடலாம், ஆனால் மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பதில் பாதி சுகம்கூட வராது. அதைவிட ஒரு அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாமில் கால்வாசியை உடைத்துப் போட்டு, பத்து பதினைந்து நிமிடம் காலை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் மனதாரச் சொல்வேன். ஒரு பாம் நான்கு தடவைக்கு வரும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தோல் வறண்டுபோகும்.

ஜகுஸியில், அதாவது குழாய் வழியே தண்ணீரைப் பீய்ச்சும் தொட்டியில், போடலாமா?

கூடாது. எண்ணெயும் தூளும் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

வாங்கி வைத்தது இப்போது சரியாக நுரைக்கவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அப்படி இருக்காது, காற்றிலிருக்கும் ஈரமே உள்ளே வினையைக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்திருக்கும். மழைக்காலத்தில் இது சகஜம். குளியலறையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அலமாரியில் வையுங்கள். நுரை போனாலும் பாம் வீணில்லை, வாசனையும் எண்ணெயும் மிச்சம் இருக்கும், கால் ஊறவைக்க உதவும்.

குளித்த பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டுமா?

ஆமாம், கட்டாயம். அப்புறம் எழும்போது சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு எழுங்கள். கோகோ வெண்ணெய், எண்ணெய் எல்லாம் தொட்டியின் அடியில் படிந்து நன்றாக வழுக்கும். வீட்டில் பெரியவர்கள் அதே தொட்டியில் குளிப்பார்கள் என்றால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.