இரும்புப் படகு ஏன் ஒழுகியது?

கேள்வி: நான்காம் வகுப்பில் லூயிஸ், கிளார்க் குழு அமெரிக்காவின் மேற்கே போன பயணத்தைச் சொல்லித் தருகிறேன். அதிலிருந்தே ஓர் அறிவியல் சோதனை செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. லூயிஸின் இரும்புப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். 36 அடி இரும்புச் சட்டத்தின் மேல் எல்க் மான் தோல்களையும் காட்டெருமைத் தோல்களையும் தைத்துப் போர்த்தி, 1805 ஜூலை 9 அன்று மிசௌரி ஆற்றில் இறக்கினார்கள். தையலை அடைக்கப் பைன் பிசின் இல்லை. கரித்தூள், தேன்மெழுகு, காட்டெருமைக் கொழுப்பு கலந்து பூசியிருந்தார்கள். முதலில் அழகாக மிதந்தது. மாலைக்குள் பூச்சு உரிந்து ஒழுகியது. முடி சற்று விடப்பட்ட தோலில் மட்டும் பூச்சு பிடித்து நின்றது. வகுப்புக்குப் பொக்கிஷம் இந்த விவரம்தான்.

10 செ.மீ. ரெக்சின் துண்டுகள் மூன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் கோணி ஊசியால் பத்துத் துளைகள். மெழுகு 3 கரண்டி, வனஸ்பதி 1, கரித்தூள் 1. வெந்நீரில் வைத்த கிண்ணத்தில் ஆசிரியரே உருக்க வேண்டும், நேரடித் தீ கூடாது. ஒன்றில் வழவழப்பான பக்கம் (முடி நீக்கிய தோல் போல), இன்னொன்றில் துணிப் பக்கம் (முடி விட்ட தோல் போல) பூசுங்கள். மூன்றாவது அப்படியே இருக்கட்டும். எது ஒழுகும் என்று பிள்ளைகள் முதலில் எழுதட்டும். ஆறியதும் பூசியவற்றை ஐந்து முறை மடக்கி, மூன்றையும் தனித்தனி டம்ளர் வாயில் ரப்பர் பேண்டால் குழிவாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் 50 மி.லி. நீர் ஊற்றி, பத்து நிமிடச் சொட்டுகளை எண்ணுங்கள்.

ரப்பர் பேண்ட் தளர்ந்தால் ஓரத்தில் வழியும் நீரும் கணக்கில் சேர்ந்து முடிவைக் கெடுக்கும். வனஸ்பதி கூடினால் பூச்சு இறுகாது, குறைந்தால் மடக்கும்போதே வெடிக்கும்.