ஆயில் குடிக்கும் பழைய கார்: எஞ்சினைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

உங்கள் பழைய பெட்ரோல் கார் நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, மெக்கானிக் எஞ்சினை இறக்கச் சொல்கிறார், கையிலோ பணம் குறைவு. சரிசெய்வதா, வேறு எஞ்சின் வாங்கிப் பொருத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நெருக்கடியில் நானும் தவித்திருக்கிறேன். அவசரப்பட்டதால் ஒரே எஞ்சினுக்கு இரண்டு முறை செலவழித்தேன். அந்த இரண்டாவது செலவு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன், புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை குப்பென்று வந்து அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்தான் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் சிறு ரப்பர்) போயிருக்கும். பல எஞ்சின்களில் ஹெட்டைக் (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றாமலே அதை மாற்றிவிடலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மீது சந்தேகம் கொள்ளுங்கள். இன்னொன்று, பலரும் பார்க்காமல் விடுவது: எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் ஆயில் குடிக்கும். மிகச் சிறிய பாகம், மாற்றுவதும் எளிது. பெரிய செலவுக்குத் தலையாட்டுவதற்கு முன் அதை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. இதற்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கி, இக்னிஷனையும் பெட்ரோல் வரத்தையும் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, திராட்டிலை (காற்று நுழையும் வழியின் கதவை) முழுதாகத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். என் வண்டியின் நான்கு சிலிண்டர்களில் மூன்று, 160 பிஎஸ்ஐயை (அழுத்த அளவு) ஒட்டிக் காட்டின. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் முள் 110-இல் நின்றுவிட்டது. பிளக் துவாரம் வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி சுழற்றினோம். முள் 150-ஐத் தொட்டது. ஊற்றிய ஆயில் ரிங்குக்கும் போருக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை) நடுவிலுள்ள இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கிறது, அதனால்தான் அளவு ஏறுகிறது. அப்படி ஏறினால் தேய்மானம் கீழே, ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ (ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வேலை ஹெட்டோடு முடிந்துவிட்டால் செலவு வெகுவாகக் குறையும்.

என் தவறு இதற்குப் பிறகு நடந்தது. குறைந்த செலவில் முடிக்கலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, ரிங்கை மட்டும் மாற்றினேன். போரை யாரும் அளக்கவில்லை. போர் உருண்டையாகவே தேய்வதில்லை. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டத் துளைக்குள் வட்டமான புது ரிங் எப்படிப் பொருந்தும்? சில மாதங்களில் பழைய புகை திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஹெட்டைக் கழற்றியபோது போரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். படிபோல ஒரு மேடு நகத்தைத் தடுத்தது. ரிங் ஏறி இறங்காத பகுதி தேயாமல் அப்படியே நின்றிருந்தது. முதல் முறையே அதைத் தடவிப் பார்த்திருந்தால் ரிங் மட்டும் போதாது என்று எனக்கே புரிந்திருக்கும்.

ஆகவே திறந்த பிறகு போரை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் செய்து (போரின் உட்சுவரை லேசாகத் தேய்த்து) புது ரிங்கும் பேரிங்கும் போடுவது நியாயமான சிக்கனம். வரம்பைத் தாண்டியிருந்தால் ரீபோர் செய்து (போரைப் பெரிதாகக் கடைந்து), 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். அங்கே பாதி வேலை செய்வதைவிடச் செய்யாமலிருப்பது மேல். கீழிருந்து கனமான தட்டுச் சத்தம் கேட்டாலோ, சூடான எஞ்சினில் ஆயில் பிரஷர் விழுந்தாலோ கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) செலவுக் கணக்கில் சேரும். அப்போது பழைய எஞ்சின் வாங்குவதே மலிவாக முடியலாம்.

பழைய எஞ்சின் வாங்குவதென்றால், ஓடவிட்டுக் காட்டாததை நான் வாங்கமாட்டேன். அதற்கும் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து அடியில் கரிப்பிசின் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணும் அதற்குரிய தாள்களும் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள், கிளட்சையும் பார்த்துவிடுங்கள். பொருத்திய பிறகு சீல் ஒழுகினால் அதற்காக மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும், கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும்.

இப்போதைக்குப் பணம் சேரவில்லை, தட்டுச் சத்தமும் இல்லை, ஆயில் பிரஷரும் நன்றாக இருக்கிறது என்றால் உடனே இறக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் ஆயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்து வாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் நின்றால், ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்) வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டே சில மாதங்கள் ஓட்டிப் பணம் சேர்க்கலாம். ஆனால் எரியும் ஆயில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கெடுக்கும், அதனால் இதை ஆண்டுக்கணக்கில் இழுக்காதீர்கள். ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் ஓட்டிப்போக வேண்டாம்.