நிழலில் பாசி: மருந்து வாங்கும் முன் வெயிலைக் கவனியுங்கள்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பின்பக்கப் புல்தரை வடக்குப் பார்த்தது, ஒரு பக்கம் உயரமான வேலி, மறுபக்கம் பெரிய சைக்கமோர் மரம். வருடா வருடம் பாசி மருந்து போடுகிறார், பாசி கறுத்துச் சாகிறது, அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வந்துவிடுகிறது. நிரந்தரமாக ஒழிக்க என்ன செய்வது?

மருந்தில் குறையில்லை. பாசி புல்லைக் கொல்வதில்லை, புல் நலிந்து இடம் விட்டதும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு உண்மையான வேர்கூடக் கிடையாது, ஈரமும் நிழலும் இருந்தால் இறுகிப்போன மண்ணிலும் பிழைக்கும். நீங்கள் கொன்ற இடத்தைப் புல் பிடிக்காவிட்டால் திரும்பவும் பாசிதான் பிடிக்கும்.

அதனால் முதலில் மரம் இலை விட்ட பிறகு ஒரு வெயில் நாளில் எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். மூன்று நான்கு மணி நேரமாவது கிடைக்கிற இடத்தில் மட்டும் புல்லுக்காகப் பாடுபடலாம். மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்தால் நல்ல வித்தியாசம் தெரியும், ஆனால் கத்தியை எடுக்கும் முன் அது பாதுகாக்கப்பட்ட மரமா என்று கவுன்சிலில் கேட்டுவிடுங்கள். உங்கள் வீடு கன்சர்வேஷன் ஏரியாவில், அதாவது பழைமை மாறாமல் காக்கப்படும் பகுதியில் இருந்தால் ஆறு வாரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வேலைக்கு ஏற்ற மாதம் செப்டம்பர், மண்ணில் சூடும் இருக்கும், மழையும் வரும். பாசியைக் கொல்லும் மருந்தான இரும்பு சல்பேட்டைப் பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் போடுங்கள், நடைபாதைக் கல்லில் சிந்தினால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், அப்புறம் லேசில் போகாது. இரண்டு வாரத்தில் பாசி நன்றாகச் செத்துக் கறுத்ததும் கம்பிப் பல் வாரியால் அழுத்தி வாரி எடுங்கள். உயிரோடு இருக்கும்போது வாரினால் துண்டு துண்டாகப் பறந்து புதிய இடத்திலும் முளைக்கும், ஆகவே அவசரப்படாதீர்கள். வாரி முடித்தபின் புல்தரை பார்க்கவே பரிதாபமாக இருக்கும், பயப்பட வேண்டாம். தோட்ட ஃபோர்க்கை 10 செ.மீ. ஆழம் இறக்கி, ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாகக் குத்திக்கொண்டே போங்கள், தேங்கும் தண்ணீர் இறங்கவும் வேருக்குக் காற்றுப் போகவும் இதுதான் வழி, பலர் இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதே வாரம் விதையுங்கள். கார்டன் சென்டரில் நிழலுக்கு என்றே விற்கும் கலவையில் ஃபெஸ்க்யூ என்னும் நிழல் தாங்கும் புல் வகைகள் இருக்கும், அதை வாங்குங்கள், ரைகிராஸ் புல் அதிகமுள்ள சாதாரணக் கலவை நிழலில் சீக்கிரம் மெலிந்துவிடும். புல் வளர்ந்தபின் 5 செ.மீ.க்குக் கீழே வெட்டவே வெட்டாதீர்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் இலை நீளம்தான் புல்லுக்குச் சோறு, அதை ஒட்ட வெட்டிவிட்டுப் பாசி வருகிறதே என்றால் எப்படி? உதிரும் சைக்கமோர் இலைகளையும் உடனுக்குடன் கூட்டிவிடுங்கள்.

மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பு போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். மண்ணைச் சோதிக்காமல் போடாதீர்கள், ஃபெஸ்க்யூவுக்குச் சற்றே அமிலத்தன்மை உள்ள மண் ஒத்துக்கொள்ளும்.

சரி, வெயிலே விழாத அந்த மரத்தடி? அங்கே பாசியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். குளிர்காலம் முழுக்கப் பச்சையாக இருக்கும், வெட்டவும் வேண்டாம், உரமும் வேண்டாம், கூடு கட்டக் குருவிகளும் கொத்திக்கொண்டு போகும். மிதித்தால் பெயர்ந்துவிடும் என்பதால் நீங்கள் நடக்கும் தடத்தில் மட்டும் நாலு கல்லைப் பதித்துவிடுங்கள்.