இருவர் சம்பாதித்தும் மாதக் கடைசியில் மிச்சமில்லை: செலவைக் குறைப்பதை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் வேலைக்குப் போகிறோம். குழந்தை இல்லை. வாடகை வீட்டில் இருக்கிறோம். பெரிய ஆடம்பரம் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறோம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை, கடன் அட்டையில் ஒரு நிலுவை தங்கிக்கொண்டே வருகிறது. சிக்கனமாக வாழ வேண்டும் என்று இரண்டு முறை முடிவெடுத்தோம். இரண்டு முறையும் ஒன்றிரண்டு மாதங்களில் சண்டையில் முடிந்தது. நான் வாங்கும் சின்னச் சின்னப் பொருள்களை அவர் கவனிக்கிறார். அவர் வாங்கும் மின்னணுச் சாதனங்களை நான் கவனிக்கிறேன். மூன்றாவது முறை முயல்வதற்கு முன் உங்கள் யோசனை வேண்டும்.

பதில்: உங்கள் கடிதத்தில் "கவனிக்கிறார்", "கவனிக்கிறேன்" என்ற இரண்டு சொற்களில் நான் நின்றுவிட்டேன். உங்கள் முயற்சி இரண்டு முறையும் தோற்றதற்கு மன உறுதிக் குறைவு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் அன்றாடம் கண்காணித்தால்தான் குறையும் வகையான செலவுகளை நீங்கள் முதலில் கையில் எடுத்துவிட்டீர்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மேற்பார்வையாளராக மாறிவிட்ட வீட்டில் சிக்கனம் நெடுநாள் நிலைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டுச் செலவுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வாடகை, வாகனம், காப்பீடு, தொலைபேசித் திட்டம், சந்தாக்கள் போன்றவை ஒரு முறை முடிவெடுத்தால் பிறகு மாதாமாதம் தாமாகவே கழிந்துகொண்டிருப்பவை. வெளியில் சாப்பிடுவது, வழியில் கண்ணில் படும் பொருளை வாங்குவது போன்றவை ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியவை. உங்கள் இருவரின் மொத்த மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் வாடகை 30 பங்கு என்றால், பத்தில் ஒரு பகுதி குறைவான வாடகையில் ஒரு வீடு கிடைத்தாலே மாதம் 3 பங்கு மிஞ்சும். வீடு மாறும் அலைச்சலும் மாற்றும் செலவும் ஒரு தடவையோடு முடிந்துவிடும். சில்லறைச் செலவுகள் எல்லாம் சேர்த்து 4 பங்கு என்றால், அவற்றைப் பாதியாகக் குறைத்தாலும் 2 பங்குதான் கிடைக்கும். அதற்காக இருவரும் முப்பது நாளும் ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டும், மற்றவர் மல்லுக்கட்டுகிறாரா என்றும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே இந்த மூன்றாவது முயற்சியில், முதல் மூன்று மாதங்களுக்கு அந்தச் சில்லறைச் செலவுகளைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை.

எதையும் குறைப்பதற்கு முன்பு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு காசையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தம்பதியருக்கு அப்படிச் சொல்வதில்லை. எழுத மறந்தவர் குற்றவாளி ஆகிவிடுகிறார், எழுதியவர் நீதிபதி ஆகிவிடுகிறார். அதைவிட, கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் அட்டை அறிக்கையையும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, ஏழெட்டுத் தலைப்புகளுக்கு மேல் போகாமல் தொகை போடுங்கள். யார் செலவழித்தார் என்ற பத்தியே அதில் வேண்டாம்.

பிறகு, பெரும்பாலானோர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. கடந்த 12 மாதங்களைப் புரட்டி, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் தனியாக எழுதுங்கள்: காப்பீட்டுத் தவணை, வாகனப் பழுது, பல் மருத்துவர், உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் பயணமும் பரிசும், பழுதாகிப் புதிதாக வாங்கிய சாதனம், ஆண்டுக் கட்டணங்கள். இவை ஒவ்வொன்றும் வரும்போது "இந்த மாதம் மட்டும் எதிர்பாராத செலவு" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஏதோ ஒன்று எந்த மாதமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தொகை ஆண்டுக்கு 96 பங்கு வருகிறது என்று கொள்ளுங்கள், அதாவது ஏறக்குறைய ஒரு மாத வருமானம் முழுவதும். 12ஆல் வகுத்தால் மாதம் 8 பங்கு. இந்த 8 பங்கை உங்கள் கையில் இருக்கும் பணமாகவே நினைத்துச் செலவழித்து வந்திருப்பீர்கள். அட்டையில் தங்கும் நிலுவைக்கு ஆடம்பரத்தைவிட இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். சம்பளம் வந்த மறுநாளே அந்த 8 பங்கு தனியாக ஒரு கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு, அந்த வகைச் செலவுகளை அதிலிருந்து மட்டும் செய்யுங்கள். இதனால் உடனே பணம் மிச்சமாகாது. ஆனால் உண்மையில் செலவழிக்க எவ்வளவு இருக்கிறது என்பது முதன்முறையாகத் தெரியவரும்.

கடன் அட்டை நிலுவையை மற்ற எல்லாச் சேமிப்புக்கும் முன்னால் வைக்க வேண்டும். மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், வட்டிக்கு வட்டி சேர்வதால் ஆண்டுக்கு அது 36 ஆக இல்லாமல் ஏறக்குறைய 42.6 சதவீதம் ஆகிறது. எதுவும் கட்டாமல் விட்டால் இரண்டே ஆண்டில் கடன் இரட்டிப்பாகும். நிலுவையில் 5 சதவீதத்தைக் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டிவருகிறீர்கள் என்றால், அதில் 3 வட்டிக்கே போய், அசலில் 2 மட்டுமே குறைகிறது. இந்த வட்டியைவிட அதிக வருவாய் தரும் பாதுகாப்பான சேமிப்பு எங்கும் கிடையாது. ஆகவே ஒரு மாதச் செலவுக்கான சிறு அவசர நிதியை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிஞ்சுவது அத்தனையையும் நிலுவைக்கே கட்டுங்கள். அது தீரும் வரை அந்த அட்டையை எந்தச் செயலியிலும் இணையக் கடையிலும் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு எண்களைத் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆசைகள் அங்கேயே அடங்கிவிடும்.

இனித் தொடர்செலவுகள். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே அக்கம்பக்கத்து வாடகை நிலவரத்தைத் தெரிந்துகொண்டு வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். ஒழுங்காக வாடகை தரும் குடித்தனக்காரரை இழக்கப் பெரும்பாலான உரிமையாளர்கள் விரும்புவதில்லை. வீடு மாறுவதானால் வாடகையை மட்டும் ஒப்பிடாமல், அங்கிருந்து இருவரும் வேலைக்குப் போய்வரும் செலவையும் நேரத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். இரண்டு வாகனங்கள் இருந்தால், இரண்டாவதற்கு எரிபொருள் மட்டுமே செலவு என்று எண்ணாதீர்கள். காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம் ஆகியவற்றோடு, வாங்கிய விலைக்கும் இன்று விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆண்டுகளால் வகுத்து வரும் தேய்மானத்தையும் கூட்டிப் பார்த்தால், அவசரத்துக்கு வாடகை வண்டி பிடிப்பது மலிவாக இருக்கக்கூடும். சந்தாக்களுக்கு ஒரே வழிதான்: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, யாராவது ஒருவர் உண்மையிலேயே தேடுவதை மட்டும் மறுபடி தொடங்குங்கள்.

உணவில் எங்கே பணம் போகிறது என்பதை நம்மில் பலர் தவறாகவே கணிக்கிறோம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 சதவீதம் வீணானது. அப்படி வீணானதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. அதாவது விலையைப் பேரம் பேசுவதைவிட, வாங்கியதை முழுவதும் உண்பது பெரிய சிக்கனம். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கணக்கு, கெட்டுப்போகாத உலர்ந்த பொருள்களுக்கும் சோப்பு போன்றவற்றுக்கும் பொருந்தும். காய், பழம், பால் பொருள்களுக்குப் பொருந்தாது. பெரிய பொட்டலம் 20 சதவீதம் மலிவாகக் கிடைத்து, அதில் நான்கில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால் உங்களுக்கு நட்டமே. கடைக்குப் போகும் முன் "என்ன சமைக்கலாம்" என்று யோசிப்பதற்குப் பதிலாக, "வீட்டில் எது முதலில் கெடும், அதை வைத்து என்ன சமைக்கலாம்" என்று யோசித்து, அதற்குக் குறையும் பொருள்களை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 4 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமலும், உறைபெட்டி கழித்தல் 18இலும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவதும் நல்லது. வெளியில் சாப்பிடுவதை அறவே விடச் சொல்லமாட்டேன். சமைக்கச் சலிப்பாக இருந்ததால் வாங்கிய உணவுக்கும் இருவரும் சேர்ந்து விரும்பிப் போன மாலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னதைக் குறைக்க, வேலை குறைவான ஒரு நாளில் இரண்டு வேளைக்கான குழம்பைச் சமைத்து உறைய வைத்தாலே போதும்.

மின்சாரத்தில் சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் பெருஞ்செலவு. 2,000 வாட் நீர்சூடேற்றி தினமும் அரை மணி நேரம் ஓடினால் மாதம் 30 யூனிட். 9 வாட் எல்இடி விளக்கு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 1.35 யூனிட்தான். எனவே விளக்கை அணைக்கவில்லை என்பதற்காக உங்களுக்குள் வாக்குவாதம் வேண்டாம். நீர்சூடேற்றியின் நேரத்தையும் குளிர்சாதனத்தின் வெப்பநிலை அளவையும் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய், சொட்டு கால் மில்லி லிட்டர் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 7,900 லிட்டரை வீணாக்கும். ஒரு வாஷர் மாற்றினால் நின்றுவிடும்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். ஸ்காட் ரிக், டெபொரா ஸ்மால், எலி ஃபின்கெல் ஆகிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், செலவழிக்கத் தயங்குபவர்களும் தாராளமாகச் செலவழிப்பவர்களும் ஒருவரை ஒருவர் துணையாகத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருப்பதையும், அந்த வேறுபாடு பெரிதாக இருக்கும் தம்பதியரிடையே பணச் சச்சரவு அதிகம் என்பதையும் கண்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், அதை யாருடைய குறையாகவும் எண்ண வேண்டியதில்லை. இருவரும் கேள்வி கேட்கக் கூடாத பணம் என்று ஆளுக்கொரு தொகையை ஒதுக்குங்கள். அது சிறியதாக, ஆளுக்கு 3 பங்காகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, சேர்த்து வைத்தாலும் அன்றே செலவழித்தாலும் அவரவர் விருப்பம். நீங்கள் வாங்கும் சின்னப் பொருள்களும் அவர் வாங்கும் சாதனங்களும் இனி இதிலிருந்தே வரட்டும். சாதனத்துக்காக அவர் ஐந்து மாதம் சேர்க்க வேண்டியிருந்தால் சேர்ப்பார், அல்லது ஆசை மாறிவிடும். இரண்டிலும் நீங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டியிராது.

வருமானம் சமமாக இல்லாவிட்டால், பொதுச் செலவை வருமான விகிதத்தில் பகிர்வது நியாயம்: ஒருவர் 60, மற்றவர் 40 சம்பாதித்து, பொதுச் செலவும் சேமிப்பும் 90 என்றால், ஒருவர் 54, மற்றவர் 36 போட வேண்டும். அப்படிச் செய்தால் ஒருவர் கையில் 6, மற்றவர் கையில் 4 மிஞ்சும். என் கருத்து, சொந்தப் பணம் மட்டும் சம்பளம் எதுவானாலும் இருவருக்கும் சமமாக, இங்கே ஐந்தைந்தாக, இருக்க வேண்டும் என்பது. இதில் மாறுபடுவோர் உண்டு. ஆனால் வீட்டு வேலையின் மணிநேரங்கள் எந்தச் சம்பளச் சீட்டிலும் வருவதில்லை என்பதை நினைவில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இதோடு, பொதுப் பணத்தில் எந்தத் தொகைக்கு மேல் இருவரும் பேசாமல் வாங்கக் கூடாது என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள், பசியோ அசதியோ இல்லாத நேரத்தில், அரை மணி நேரம் மட்டும் கணக்குப் பேசுங்கள். மற்ற நாள்களில் அந்தப் பேச்சை எடுக்காமலிருப்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

குறைக்கக் கூடாதவையும் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு, பல்லுக்கும் கண்ணுக்குமான பரிசோதனை, வாகனத்தின் பிரேக்கும் டயரும் ஆகிய இவற்றில் இன்று மிச்சம் பிடித்தால் பின்னால் பல மடங்காகக் கொடுக்க நேரிடும். நண்பர்களையும் உறவினர்களையும் சந்திப்பதையும் செலவுக் கணக்கிலிருந்து வெட்டிவிடாதீர்கள். சந்திக்கும் இடத்தை உணவகத்திலிருந்து வீட்டுக்கோ பூங்காவுக்கோ மாற்றினால் போதும். இவ்வளவும் செய்த பிறகும் வாடகை, உணவு, போக்குவரத்து ஆகிய மூன்றுமே வருமானத்தை விழுங்கிவிடுகின்றன என்று கணக்கு காட்டினால், உங்கள் சிக்கல் சிக்கனத்தால் தீராதது. அப்போது சம்பள உயர்வு, வேலை மாற்றம், கூடுதல் வருமானம் பற்றித்தான் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றே வேலைகள்: மூன்று மாத அறிக்கைகளையும் 12 மாதப் பட்டியலையும் சேர்ந்து பார்ப்பது, ஆண்டுச் செலவுக்கான தானியங்கி மாற்றத்தை வங்கியில் ஏற்பாடு செய்வது, கேள்வி கேட்கக் கூடாத தொகை எவ்வளவு என்று முடிவு செய்வது. இரண்டாவது மாதம் அட்டைக்கும் சந்தாக்களுக்கும், மூன்றாவது மாதம் வாகனத்துக்கும் உணவுக்கும் போகலாம். வாடகைப் பேச்சை ஒப்பந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு வரை தள்ளி வைக்கலாம். மூன்று மாதம் கழித்து அட்டை நிலுவை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, அதன் பிறகும் அந்தச் சில்லறைச் செலவுகளைத் தொட வேண்டுமா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.